கப்பலை எதிர்பாராத கீரை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுதல் மரபு. முத்தமிழின் சுவையை எடுத்துரைக்க வல்ல புலவர் பெருமக்கள் இம்மேடையில் நிரம்ப வீற்றிருக்கின்றனர். ஆதலின் யாம் அடுக்களைப் பக்கம் சற்றே திரும்ப விரும்புகின்றோம். ‘வீட்டுக்குள் ஒரு தோட்டம்’ என்பது எமக்குத் தரப்பெற்ற பொருள். தோட்டம் என்றவுடன் மண்வெட்டியும் வரப்பும் கண்முன் தோன்றும். யாம் கூறப்போகும் தோட்டத்துக்கு மண்வெட்டி வேண்டா, வரப்பும் வேண்டா, அதன் ஒரு பகுதிக்கு மண்ணும் வேண்டா. ஒளி வரும் சாளரம், மூடியுள்ள ஒரு பெட்டி, ஒரு பிடி விதை, நாள்தோறும் சிறிது கவனம் ஆகிய இவையே போதும்.

கடல் சூழ்ந்த நிலத்தார் உணவுக்குப் பிற நிலத்தாரை நோக்குதல் இன்று நேற்று எழுந்த வழக்கம் அன்று. நெய்தல் நிலத்தார் உப்பையும் மீனையும் கொடுத்து மருத நிலத்து நெல்லைப் பெற்ற செய்தியைச் சங்க நூல்களில் காண்கின்றோம். அன்று அவ்விரு நிலங்களுக்கும் இடையே கிடந்தது மாட்டு வண்டி செல்லும் வழி. இன்று நமக்கும் நம்முடைய மருத நிலத்துக்கும் இடையே கிடப்பது ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வங்கக் கடல். சென்னையிலோ கொல்கத்தாவிலோ கப்பலேறும் காய்கறி இங்குக் கரைசேர ஏறத்தாழ மூன்று நாள் செல்லும். பறித்தபின் துறைமுகத்தில் காத்துக் கிடக்கும் நாளும், இறங்கியபின் சந்தைக்கு வந்துசேரும் நாளும் வேறு. சிறு தீவுகளில் வாழ்வோர்க்கு அதன்மேல் இன்னும் ஒரு கப்பல். உருளைக்கிழங்கும் வெங்காயமும் இப்பயணத்தைத் தாங்கும். பூசணியும் சேனையும் தாங்கும். கீரை தாங்குவதில்லை. பறித்த அன்றே வாடத் தொடங்கும் இயல்புடையது அது. மழைமிகுந்த நாள்களில் உள்ளூர்க் கீரையும் அருகிவிட, விலை ஏறிவிடுகின்றது.

“இத்தனை மழை பெய்யும் ஊரில் கீரைக்கா பஞ்சம்?” என்று தாயகத்திலிருந்து வரும் உறவினர் வியப்பதுண்டு. வியப்பு இயற்கையே. இத்தீவுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழிகின்றது. சென்னையில் பெய்வதைப்போல் இருமடங்கு இது. ஆனால் அம்மழை மே திங்கள் தொடங்கி டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கின்றது. தூவிய விதை மறுநாள் வாய்க்காலில் மிதக்கின்றது. ஜனவரி முதல் ஏப்ரல் வரையோ, பாத்திக்கு நீரூற்றுவது இருக்கட்டும், குடிநீருக்கே தானிக்காரி நீர்த்தேக்கத்தை நோக்கி நிற்கின்றோம். தீவுகளின் மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். அதில் மிகப் பெரும்பகுதி காடு. பயிர் செய்யக் கிடைப்பது சிறு பகுதியே. அம்மண்ணும் பல இடங்களில் புளிப்புத் தன்மை மிக்கது. தக்காளிச் செடியும் கத்தரிச் செடியும் காய்க்கும் பருவத்தில் ஒரே நாளில் துவண்டு மடியும் வாடல் நோயை இங்குள்ளோர் நன்கறிவர். மண்ணில் வாழும் நுண்ணுயிரால் வருவது அந்நோய். இவற்றுக்கெல்லாம் மேலாக, இரவெல்லாம் இளநாற்றை மேய்ந்துவிடும் பெரிய ஆப்பிரிக்க நத்தை ஒன்று உண்டு. மழை, வறட்சி, மண், நோய், நத்தை ஆகிய ஐந்தும் வேலிக்கு வெளியே நிற்கும் இடர்கள். கூரையின்கீழ்ப் பயிர் செய்தால் இவற்றுள் பெரும்பாலானவற்றினின்று விலகி நிற்கலாம்.

வரலாறும் நமக்கு ஒரு பாடத்தைச் சொல்லி வைத்திருக்கின்றது. 1942 மார்ச்சு முதல் 1945 அக்டோபர் வரை இத்தீவுகள் சப்பானியர் பிடியில் இருந்தன. போர் முற்ற முற்ற வெளியிலிருந்து வரும் கப்பல்கள் அருகின. வந்த பண்டத்தை உண்டு பழகிய தீவு பட்டினியில் வீழ்ந்தது. 1945 ஆகஸ்டில், பயிரிட்டுப் பிழைக்கலாம் என்று சொல்லி, நூற்றுக்கணக்கான மக்களை அந்நாளில் ஹேவ்லாக் என்று வழங்கிய தீவுக்குக் கொண்டுபோய் விட்டனர். விதையும் கருவியும் உணவும் இன்றிக் காட்டோரத்தில் விடப்பட்டவர்களுள் பெரும்பாலோர் மாண்டனர். விதை ஊன்றிய அன்றே விளைவு கிடைப்பதில்லை என்னும் எளிய உண்மையை அத்துயர நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகின்றது. பசி வந்தபின் தோட்டம் போடுவதாற் பயனில்லை. பசியில்லா நாளிலேயே கை பழகியிருத்தல் வேண்டும்.

அடுத்து, 2004 டிசம்பர் 26. அந்நாளைப் பற்றி இந்த அவையில் யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. கடல் பின்வாங்கிய பிறகும் வயலில் உப்பு நின்றது. தென் அந்தமானில் நிலமே தாழ்ந்துவிட்டமையால், சிப்பிகாட்டுப் பக்கத்து நெல்வயல்கள் நீர்ப்பரப்பாயின. நிலம் என்றும் நிலையானது என்ற நம்பிக்கைகூடத் தீவில் வாழ்வோர்க்கு முழுமையாக வாய்ப்பதில்லை.

இவற்றை அச்சுறுத்துவதற்காக யாம் கூறவில்லை. ஒவ்வொரு வீடும் தன் உணவு முழுவதையும் தானே விளைத்துக்கொள்ள வேண்டும் என்று கூறவும் வரவில்லை. சாளரத்தில் நெல் விளையாது. பருப்பும் எண்ணெய் வித்தும் விளையா. அவை கப்பலில் வரட்டும். அவை பயணத்தைத் தாங்குவன. எம்முடைய வேண்டுகோள் ஒன்றே: பயணத்தைத் தாங்காத பொருளை அடுப்புக்கு மிக அருகில் விளைத்துக்கொள்வோம். அப்பொருள் கீரை.

இனி, மண்ணின்றிச் செடி வளருமா என்னும் ஐயத்தைத் தீர்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய அறிஞர்களான சாக்ஸ், நாப் ஆகிய இருவரும் உப்புகள் கரைத்த நீரில் செடிகளை முழுமையாக வளர்த்துக் காட்டினர். செடி மண்ணை உண்பதில்லை. மண்ணிலிருந்து நீரில் கரைந்துவரும் உப்புகளையே வேரால் உறிஞ்சுகின்றது என்பது அதனால் உறுதிப்பட்டது. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெரிக் என்பவர் 1929ஆம் ஆண்டளவில் இதனை ஆய்வுக்கூடத்தினின்று வெளிக்கொணர்ந்து, ஏணி வைத்துப் பறிக்கும் உயரத்துக்குத் தக்காளிக் கொடிகளை நீர்த்தொட்டியில் வளர்த்தார். ‘ஹைட்ரோபோனிக்ஸ்’ என்னும் பெயர் 1937இல் அவரால் வழக்கில் வந்தது. நீர், உழைப்பு என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. ‘நீர்வேளாண்மை’ என்று நாம் அழைக்கலாம்.

இக்கலையைத் தொடக்க நாளில் முயன்ற இடங்களுள் ஒன்று நம்மதைப் போன்ற ஒரு தீவே என்பது மகிழ்ச்சிக்குரியது. பசிபிக் கடலில் பயிர்மண் இல்லாத வேக் தீவில், 1930களின் பிற்பகுதியில், பான் அமெரிக்கன் விமான நிறுவனம் பயணிகளுக்குரிய காய்கறியை இம்முறையில் விளைத்தது. நம் நாட்டில் 1946இல் வங்காளத்துக் காலிம்பொங்கில் ஷோல்ட்டோ டக்ளஸ் என்பவர் ஆய்வு தொடங்கினார். விலையுயர்ந்த பொறிகள் இன்றி, எளியோர் கைக்கு எட்டும் பொருள்களைக் கொண்டு செய்வதே அவர் நோக்கம். பிற்காலத்தில் ஹவாய்த் தீவுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிராட்கி என்னும் அறிஞர், பம்பும் மின்சாரமும் இல்லாமல் நின்ற நீரிலேயே கீரை வளர்க்கும் முறையை வகுத்தளித்தார். பெரும்பாலும் டீசல் எரித்து மின்சாரம் பெறும் நம் தீவுகளுக்கு அம்முறையே மிகப் பொருந்தும். விளக்கு அணைந்தாலும் அத்தோட்டம் நிற்பதில்லை.

அம்முறையை இப்போது படிப்படியாகக் கூறுவோம். மீன் ஏற்றிவரும் தெர்மோகோல் பெட்டி நம் ஊரில் எளிதில் கிடைக்கும். நாற்பது லிட்டர் நீர் கொள்ளும் பெட்டி ஒன்றை மூடியோடு பெற்று, சவர்க்காரமிட்டுக் கழுவி உலர்த்துங்கள். உட்புறம் கறுப்புப் பாலித்தீன் தாளை விரித்திடுங்கள். ஒளி புகுந்தால் நீரில் பாசி படரும். ஆதலின் ஒளி புகாமை முதல் விதி. மூடியில் ஒரு சாண் இடைவெளி விட்டு எட்டுத் துளை இடுங்கள். ஒவ்வொரு துளையிலும் அடியில் ஓட்டையிட்ட சிறு குவளை ஒன்று பொருந்தி நிற்க வேண்டும். விதையை நேரே அதில் இடாமல், கழுவிய தென்னைநார்த் துகளில் முளைக்க வைத்து, பத்துப் பதினைந்து நாள் வளர்ந்த நாற்றைக் குவளையில் நார் சுற்றி நிறுத்துங்கள். குவளையின் அடி நீரைத் தொட்டிருக்கும் அளவுக்குப் பெட்டியை நிரப்புங்கள்.

இதன்பின் செய்ய வேண்டுவது பெரும்பாலும் காத்திருத்தலே. செடி நீரைக் குடிக்கக் குடிக்க மட்டம் தாழும். மூடிக்கும் நீருக்கும் இடையே காற்று நிறைந்த வெளி உண்டாகும். அவ்வெளியில் தொங்கும் மேல்வேர்கள் காற்றை உண்ணும். கீழ்வேர்கள் நீரை உண்ணும். நீர் குறைந்துவிட்டதே என்று இரக்கப்பட்டு மறுபடியும் விளிம்பு வரை நிரப்பிவிடலாகாது. காற்றுக்குப் பழகிய வேர் மூச்சுத்திணறி அழுகும். மீண்டும் மீண்டும் அறுக்கும் கீரையாயின் பாதி மட்டத்துக்கு மேற்படாமல் நீர் சேர்க்கலாம்.

நீரில் கரைக்கும் சத்துப்பற்றி ஒரு சொல். கடையில் இது ‘ஏ’ என்றும் ‘பி’ என்றும் இரு பகுதியாக விற்கப்படும். ஏன் இரண்டு? ஒன்றில் சுண்ணாம்புச் சத்து உள்ளது; மற்றொன்றில் கந்தக, பாஸ்பர உப்புகள் உள்ளன. இவற்றைச் செறிவான நிலையில் ஒன்றாகக் கலந்தால் வெண்மையாகத் திரிந்து அடியில் படிந்துவிடும். படிந்தது செடிக்குப் பயன்படாது. ஆதலின் முதற்பகுதியைப் பெட்டி நீரில் முழுதும் கரைத்த பிறகே அடுத்ததைச் சேர்க்க வேண்டும். அளவு உறையில் அச்சிட்டபடி. இளநாற்றுக்கு அதில் பாதி. நீரின் புளிப்பு அளவு 5.5க்கும் 6.5க்கும் இடையே இருத்தல் நலம். சோதனைத் தாள் கொண்டு பார்க்கலாம். ஏறியிருந்தால் சில துளி எலுமிச்சைச் சாறு அப்போதைக்கு இறக்கும். “இவ்வுப்பும் கப்பலில்தானே வருகின்றது?” என்று கேட்பீர்கள். மெய்தான். ஆயினும் லிட்டருக்கு ஒரு கிராம் அல்லது சற்று மேற்பட்ட அளவே போதுமாதலின், ஒரு கிலோ உப்பு பல நூறு லிட்டர் நீருக்கு வரும். அது கெடாமல் நெடுநாள் இருக்கும், கீரை இராது. நீருக்கு வானத்தையே நம்பலாம். பத்துச் சதுர மீட்டர்த் தகரக் கூரையில் பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் நூறு லிட்டர். முதலில் வழியும் அழுக்கு நீரை விட்டுவிட்டு, பிறகு வருவதைப் பிடித்து மூடி வைப்பின் கோடைக்கும் உதவும்.

இயற்கை உரத்தில் பற்றுடையோர், “உப்புக் கரைசல் எதற்கு? சாணக் கரைசலையும் மீன் கரைசலையும் ஊற்றினால் ஆகாதா?” என்பர். நின்ற நீர்ப் பெட்டியில் ஆகாது. இயற்கைப் பொருளிலுள்ள சத்தை நுண்ணுயிர்கள் சிதைத்து உப்பாக்கித் தந்த பின்னரே வேர் அதனை ஏற்கும். அவ்வேலைக்கு இடமும் காற்றும் வேண்டும். மூடிய நீரில் அது அழுகி நாறும், வேரும் கெடும். இயற்கை வழியை விரும்புவோர்க்குத் தொட்டியே தக்கது. இரு பங்கு தென்னைநார்த் துகள், ஒரு பங்கு மண்புழு உரம் என்று கலந்தால் மண் சிறிதும் வேண்டா. நம் தீவில் தென்னைமட்டைக்குக் குறைவில்லை. புதிய துகளில் உப்பும் துவர்ப்பும் இருக்குமாதலின், நன்னீரில் ஊறவைத்து மும்முறை பிழிந்துவிட்டுப் பயன்படுத்துக. எளிதாகக் கிடைக்கின்றது என்று கடற்கரை மணலை அள்ளி இடாதீர்கள். அதில் உப்பும் உண்டு. பவளச் சுண்ணாம்பும் உண்டு. இரண்டும் கீரைக்குப் பகை. மீன் கழிவு மிகுந்த ஊர் நம்முடையது. மீன் கழிவும் வெல்லமும் சம எடையாகக் கலந்து, மூடிய கலத்தில் மூன்று நான்கு வாரம் வைத்தால் ‘மீன் அமிலம்’ கிட்டும். லிட்டர் நீருக்கு ஐந்து மில்லி வீதம் இரு வாரத்துக்கு ஒரு முறை தொட்டிக்கு ஊற்றலாம். பெட்டியில் எஞ்சும் பழைய கரைசலையும் வாய்க்காலில் கொட்டாமல் வெளியிலுள்ள வாழைக்கு ஊற்றுங்கள்.

எதனை வளர்ப்பது? முதன்மை வள்ளைக்கீரைக்கே. மருத நிலப் பொய்கைகளைப் பாடிய நம் பழம்புலவர்கள் வள்ளைக் கொடியையும் பாடியுள்ளனர். இங்குச் சந்தையில் ‘கல்மி’ என்று கேட்டால் கொடுப்பார்கள். இயல்பிலேயே நீரில் வாழும் கொடியாதலின் பெட்டியில் செழித்து வளரும். அறுக்க அறுக்கத் தழைக்கும். அடுத்து, தண்டைக் கிள்ளி நட்டாலே வேர்விடும் பொன்னாங்கண்ணி, கொடிப்பசலை, புதினா. தொட்டிக்கு முளைக்கீரை, நான்கு வாரத்துக்குள் கறிக்கு வரும். இத்தீவு மக்கள் எல்லோரும் விரும்பும் பர்மாக் கொத்தமல்லியை மறத்தல் கூடாது. நிழலிலும் வளரும் அதன் ஓர் இலை, குழம்பு முழுவதையும் மணக்கச் செய்யும். தக்காளியையும் கத்தரியையும் கை பழகியபின் பார்த்துக்கொள்ளலாம். அவற்றுக்கு வெயில் மிகுதியாக வேண்டும்.

வெயிலைச் சொன்னமையால் ஒளியையும் சொல்லிவிடுகின்றோம். வீட்டுத் தோட்டம் பெரும்பாலும் கெடுவது நீரால் அன்று, ஒளிக் குறைவால். கீரைக்கு நாளொன்றுக்கு நான்கு மணி நேரமாவது நல்ல ஒளி வேண்டும். கிழக்குச் சாளரமோ முன்தாழ்வாரமோ தக்க இடம். நாற்று வெளிறி நீண்டு ஒரு பக்கம் சாய்ந்தால் ஒளி போதவில்லை என்று அறிக. சாளரம் வாயாத குடியிருப்பில் எல்.ஈ.டி. விளக்கை அருகில் தொங்கவிட்டு, நாளும் பன்னிரண்டு மணி நேரத்துக்குமேல் எரிக்க வேண்டியிருக்கும். அச்செலவை எண்ணிப் பார்த்து இறங்குங்கள். மற்றோர் எச்சரிக்கை கொசுவைப் பற்றியது. நின்ற நீர் எங்கு உள்ளதோ அங்குக் கொசு முட்டையிடும். துளையில் இடைவெளி இருந்தால் நாரால் அடைத்திடுங்கள். மழைநீர்க் கலத்தின் வாயில் வலை கட்டுங்கள். கீரைக்காகக் காய்ச்சலை வளர்த்தல் அறிவுடைமை ஆகாது.

எட்டுத் துளைப் பெட்டி ஒன்று ஒரு குடும்பத்தின் கீரைத் தேவை முழுவதையும் நிறைவு செய்யாது. இரு பெட்டியும் நான்கு தொட்டியும் இருந்து, வாரத்துக்கு ஒன்றாக மாற்றி விதைத்தால், வாரத்தில் ஓரிரு நாள் தவறாமல் கீரை கிட்டும். அது சிறிது என்று எண்ண வேண்டா. வளரும் பிள்ளைக்கும் கருவுற்ற பெண்ணுக்கும் இரும்புச் சத்தும் பார்வைக்குரிய உயிர்ச்சத்தும் தரும் உணவு அது. வாடிய கட்டு ஒன்றை விலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பும் தாய், தன் தாழ்வாரத்தில் கை நீட்டிக் கிள்ளிக்கொள்கின்றாள் என்றால், அது சிறு செய்தி ஆகாது.

நம்முடைய மக்கள் பல காலங்களில் பல வழிகளில் இத்தீவுகளுக்கு வந்தவர்கள். துறைமுகப் பணிக்கும் அரசுப் பணிக்கும் வணிகத்துக்கும் வந்தோர் உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தைத் தொடர்ந்து, இலங்கையினின்று தாயகம் மீண்டு, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் குடியேற்றப்பெற்றோரும் உண்டு. 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி இத்தீவு மக்களுள் நூற்றுக்குப் பதினைவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர். மொழியை இங்குக் கொண்டுவந்து வாடாமற் காத்த நமக்கு, கீரையைக் காப்பது அரிதாகுமா?

ஆகவே இச்சங்கத்தின்முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கின்றோம். ஒன்று, நூலகத்தின் ஓரத்தில் ஒரு விதைப்பெட்டி வையுங்கள். முளைக்கீரைச் செடி ஒன்றைப் பறிக்காமல் பூக்கவிட்டால் ஆயிரக்கணக்கில் விதை தரும். ஒரு பிடி எடுத்துச் செல்பவர் அடுத்த விழாவுக்கு இரு பிடி கொண்டுவந்து இடட்டும். இரண்டு, இந்நகரின் கராச்சர்மாவில் மத்தியத் தீவு வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. 1978இல் தொடங்கப்பெற்ற அந்நிறுவனம், நம் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ற பயிர்களை ஆய்ந்து வருகின்றது. அங்குள்ள அறிஞர்களை ஆண்டுக்கு ஒரு முறையேனும் இங்கு அழைத்து, நம் மகளிரும் மாணவரும் கேட்டுத் தெளியச் செய்யுங்கள்.

போர்ட் பிளேர் என்று நெடுநாள் வழங்கி, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்ற இந்நகரின் துறைக்குக் கப்பல்கள் வருக; அரிசியும் பருப்பும் நூல்களும் உறவினரும் ஏற்றி வருக. புயலால் ஒரு கப்பல் பிந்தினாலும் நம் வீட்டு உலை கீரையோடு கொதிக்கட்டும். ஒரு பெட்டி, எட்டுத் துளை. இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குவீர்களாக!

வாழ்க தமிழ்! வளர்க மனைதோறும் பசுமை!